வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் அண்ணன் கடனுக்கு நானும் பங்குதாரரா?

மில்வாசல்:
அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டியது மாவு மில்லும் முன்பக்கத்து இரண்டு கடைகளும். 2021இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், அக்கா, நான் என நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருக்கிறது. மில்லை நடத்துவது அண்ணன் மட்டும்தான். கடை வாடகையை மாதாமாதம் நாலாகப் பிரித்துக்கொள்கிறோம். புதிய அரவை இயந்திரத்தின் பாக்கிக்காக அதை விற்றவர் நால்வருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். வருமானத்தைப் பங்கிடுவதால் நாங்கள் எல்லோரும் பங்குதாரர்களாம். அம்மா நோட்டீசைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனோ தன் பாகத்தை வெளியாளுக்கு விற்கப்போவதாகச் சொல்கிறார். விற்க முடியுமா?

காவிரிக்கரை வக்கீல்:
தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 6ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பொதுவில் வைத்திருக்கும் சொத்தின் வருமானத்தைப் பிரித்துக்கொள்வதால் மட்டும் யாரும் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை. கூட்டாண்மை, அதாவது பங்குதாரர்களாகச் சேர்ந்து தொழில் நடத்துவது, ஒப்பந்தத்தால் பிறப்பது. வாரிசுரிமையால் தானாக வந்து சேர்வதல்ல. ஒருவர் செய்யும் வியாபாரம் மற்றவரையும் கட்டுப்படுத்தும் என்ற உடன்பாடு இருந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஜிஎஸ்டி பதிவும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? மில் லாபத்தில் உங்களுக்குப் பங்கு வந்ததா? நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

மில்வாசல்:
இரண்டும் அண்ணன் பெயரில்தான். மில் லாபத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. ஆனால் இயந்திரம் வாங்கிய அன்று, தவணைத் தாளில் அண்ணன் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் என் பெயருக்கு எதிரே ‘ஜாமீன்தாரர்’ என்று அச்சிட்டிருக்கிறது. அன்று படிக்கவில்லை.

காவிரிக்கரை வக்கீல்:
அப்படியானால் நீங்கள் பங்குதாரர் அல்ல, ஆனால் ஜாமீன்தாரர். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, தாளில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் பட்டவருக்கு உள்ள பொறுப்பு அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. எவ்வளவு தொகைக்குக் கையெழுத்திட்டீர்கள் என்று தாளில் பாருங்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்தச் சுமை இல்லை. அவர்களுக்காகத் தனிப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். உங்கள் பதிலோடு கலக்க வேண்டாம்.

பழைய பத்திர எழுத்தர்:
விற்பனையைப் பற்றி நான் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி நால்வருக்கும் தனித்தனியாகக் கால் பங்கு. இடம் மட்டும் பிரிபடாமல் இருக்கிறது. தன் பிரிபடாத பாகத்தை விற்க அண்ணனுக்கு உரிமை உண்டு. குடியிருக்கும் வீடாக இருந்தால், வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட்டாக அனுபவிப்பதைச் சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு தடுத்திருக்கும். மில்லுக்கும் கடைக்கும் அந்தக் காப்பு கிடையாது. ஆனால் வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். உயிலின்றி வந்த அசையாச் சொத்திலோ தொழிலிலோ ஒரு வாரிசு தன் பாகத்தை விற்க முன்வந்தால், அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கே முன்னுரிமை. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். வெளியாளிடம் அவர் முன்பணம் வாங்குவதற்குள் வாங்கும் விருப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மில்வாசல்:
அக்காவிடம் பேசினேன். அண்ணன் பாகத்தை வாங்கிக்கொள்ளத் தயார் என்கிறார். நாளைக் காலை இருவரும் தவணைத் தாளோடு வக்கீலைப் பார்க்கப் போகிறோம். அம்மா இன்று இரவு இரண்டு இட்லி சாப்பிட்டார்.