மறு: 10 21 13: தடுப்பா, அறையா, தட்டியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுக் கழிப்பறைக்குள் ஒவ்வொருவர் இடத்தையும் பிரித்து நிற்கும் பலகைக்கும் கதவுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. கழிப்பறை என்றதும் எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது!

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கட்டடங்களுக்கு விவரக்குறிப்பு (எந்தப் பொருள், என்ன தரம் என்று சொல்லும் ஆவணம்) எழுதுவது என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதில் இந்தப் பொருளுக்கு உரிய 10 21 13 என்ற எண்ணுக்கு எதிரே என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

இந்த எண்கள், கட்டட வேலைகளையும் பொருள்களையும் எண் போட்டு வகைப்படுத்தும் மாஸ்டர்ஃபார்மட் என்ற பட்டியலில் இருப்பவை. அமெரிக்காவின் சி.எஸ்.ஐ.யும் (நம் ஊர்த் திருச்சபை அல்ல, கட்டுமான விவரக்குறிப்புக் கழகம்) கனடாவின் சி.எஸ்.சி.யும் சேர்ந்து வெளியிடுகின்றன. முன்பு 16 பகுதிகள், ஐந்து இலக்க எண்கள். 2004 பதிப்பில் அது 00 முதல் 49 வரை விரிந்து, எண்ணும் ஆறு இலக்கமானது. பழைய 10155 இப்போது 10 21 13. முதல் இரண்டு இலக்கம் பகுதியைக் காட்டும். 10 என்றால் கரும்பலகை, பெயர்ப்பலகை, லாக்கர், தீயணைப்பான் என்று வேறெங்கும் ஒட்டாத சாமான்கள் எல்லாம் வந்து சேரும் பகுதி.

பகுதி, அதற்குள் ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணுக்கும் உரிய பிரிவு என்ற இரண்டு சொற்களும் முன்பே முடிவானவை. பகுதிக்குக் 'கோட்டம்' என்று போடலாம் என்றார் பொதுப்பணித் துறை நண்பர். அவர் துறையில் கோட்டம், உட்கோட்டம், பிரிவு என்று ஏணி இருக்கிறது, உண்மைதான். ஆனால் 'பத்தாம் கோட்டம்' என்று படித்தால் அதன் தலைவரான செயற்பொறியாளர் எங்கே என்று தேடத் தோன்றுகிறது. விட்டுவிடுவோம்.

சிக்கல் எங்கே என்றால், நாம் கடையிலும் சைட்டிலும் இந்தப் பொருளைப் 'பார்ட்டிஷன்' என்கிறோம். அமெரிக்காவிலும் பேச்சில் அப்படித்தான். ஆனால் பட்டியலில் பார்ட்டிஷன் என்ற பெயர் 10 22-க்குப் போய்விட்டது. கம்பிவலைத் தடுப்பு, கழற்றி மாட்டும் அலுவலகத் தடுப்பு, கல்யாண மண்டபத்தில் கூடத்தை இரண்டாக்கும் மடக்குத் தடுப்பு எல்லாம் அங்கேதான். கழிப்பறைக்குள் நிற்பதற்குப் பட்டியல் வைத்த பெயர் கம்பார்ட்மென்ட், எண் 10 21 13. பேச்சு வழக்கை நம்பி எண்ணைத் தேடினால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.

இன்னொரு பொறியும் உண்டு. இந்தியாவில் 12 மில்லிமீட்டர் லேமினேட் பலகையில் செய்து விற்பவர்கள் இதைக் 'கியூபிக்கிள்' என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் அந்தச் சொல்லையே வைத்துத் தேடி, ஒரு பள்ளிக்கூட வேலையில் மொத்தத்தையும் 10 21 23-இல் எழுதிவிட்டாள். அந்த எண் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றித் தொங்குகிற திரைக்கும் அது ஓடும் தண்டவாளத்துக்கும் உரியது. 'பள்ளியில் நோயாளிகளைப் படுக்க வைக்கப் போகிறீர்களா?' என்று கட்டடக் கலைஞரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் சரியான சொல் கொடுக்காதது எங்கள் தவறு.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'தடுப்பறை' என்று வைத்துவிடலாம். தடுப்பால் ஆன அறை. பொருளும் விளங்கும்.

எனக்கும் முதலில் பிடித்தது. டொராண்டோவில் இருக்கும் ஈழத்துத் தம்பியின் மடல் வரும் வரைக்கும்தான்.

> அண்ணை, தடுப்பு எண்டால் எங்கட சனத்துக்கு வேற ஒண்டுதான் ஞாபகம் வரும். 'ரெண்டு வருசம் தடுப்பில இருந்தவர்' எண்டு சொல்லுறது கழிப்பறையை இல்லை.

சிறைவைப்பைத்தான் சொல்கிறார். இதற்கு மேல் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இங்கேயும் தடுப்புக் காவல் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பேராசிரியர் ஐயா சொன்ன 'கண்ணறை' அழகான சொல். ஆனால் உயிரணுவுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணறையன் என்றால் கல்நெஞ்சக்காரன் என்றும் பொருள். அவசரத்துக்கு ஒதுங்குகிற இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாமே ஐயா. 'ஓய்வறைத் தடுப்பு' என்று எழுதியவருக்கு: அமெரிக்கர் ரெஸ்ட்ரூம் என்பது மரியாதைக்காக. நம் ரயில் நிலையத்தில் ஓய்வறை என்றால் படுத்துத் தூங்கலாம்.

என் எண்ணம் இது. 'அறை' என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே சரிவராது. இந்தப் பிரிவின் கீழ் நாம் வாங்குவது பக்கப் பலகை, முன் பலகை, கதவு, கீல், தாழ்ப்பாள், கால். அறை என்றால் சுவர் தரையைத் தொட வேண்டும். இது தொடாது. அமெரிக்கக் கழிப்பறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவரின் செருப்பு வரை தெரியும். அந்த இடைவெளியில் கூட்டிப் பெருக்கும் வசதி ஒருபுறம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் அமெரிக்கச் சட்டவிதியும் சேர்ந்துகொள்கிறது: அகலம் குறைந்தது 60 அங்குலம், நாற்காலியின் கால்மிதி நுழைந்து திரும்பப் பலகைக்கு அடியில் குறைந்தது 9 அங்குலம். இடம் தாராளமாக இருந்தால் மட்டும் அடி இடைவெளிக்கு விலக்கு.

தரையைத் தொடாமல், கூரையைத் தொடாமல், கண்ணை மட்டும் மறைக்கிற பொருளுக்கு நம்மிடம் பெயர் இல்லையா என்ன? தட்டி. ஓலைத் தட்டி, மூங்கில் தட்டி, கிராமத்தில் குளிக்கக் கொல்லையில் கட்டிய மறைப்புத் தட்டி. தம்பியிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் கிடுகுத் தட்டி உண்டு, தட்டி வானும் உண்டு, சொல்லில் ஒரு சங்கடமும் இல்லை என்கிறார்.

'ஓலைக் குடிசை வாசனை அடிக்கிறதே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பொருந்துமா?' என்று ஒருவர் கேட்டார். பலகையும் ஒரு காலத்தில் மரம்தான். இப்போது மின்விளக்கில் எழுத்து ஓடுவதையும் அறிவிப்புப் பலகை என்கிறோம், யாரும் மரத்தைத் தேடவில்லை. கதவைத் 'தட்டி'யோடு குழம்பும் என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

ஆக, 10 21 13 கழிப்பறைத் தட்டிகள். 10 22 இடைத்தடுப்புகள். 'தடுப்பு' அங்கே ஒட்டுச்சொல்லாக நிற்பது தம்பிக்குச் சம்மதமா என்று சொல்லட்டும். சிறுநீர்க் கலங்களுக்கு நடுவே வருவது 'மறைப்பு', அதுவும் வழக்கமாக 10 21 13-க்குள்ளேயே எழுதப்படும். கதவைத் தாங்கும் முன் பலகைக்கு ஆசாரிகள் சொல்லும் 'நிலைக்கால்' போதும், புதிதாக எதுவும் செய்ய வேண்டாம்.

புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 10 21 13.13 உலோகம், .16 லேமினேட் ஒட்டியது, .19 பிளாஸ்டிக், .40 கல். புதிதாக எதையாவது செருக வேண்டும் என்றுதான் நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள். பீனாலிக் பலகையை (பிசின் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்தது) அப்படித்தான் பலர் .17 என்று செருகுகிறார்கள். ஆனால் ஒரு கட்டடத்தில் ஒரே பொருள்தான் என்றால் நான் புள்ளிக்கே போக மாட்டேன், 10 21 13-உடன் நிறுத்திவிடுவேன். உலோகம் என்று .13 போட்டு எழுதி முடித்த பிறகு, விலை கட்டுப்படியாகவில்லை, பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள் என்பார்கள். எண் .19 ஆகும். உடனே இந்த எண்ணைச் சுட்டும் மற்றப் பிரிவுகள் அத்தனையிலும் கை வைக்க வேண்டும். காகிதச் சுருள் தாங்கி 10 28 13-இல், சுவருக்குள் புதைக்கும் மரக்கட்டை 06 10 53-இல், கூரையிலிருந்து தொங்கும் தட்டி என்றால் மேலே தாங்கும் இரும்பு 05 50 00-இல், மலக்கலம் 22 42 13-இல். இத்தனையிலும் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்றைத்தான் ஒப்பந்தக்காரர் கண்டுபிடிப்பார். நீச்சல் குளத்தில் பிளாஸ்டிக், அலுவலகத்தில் ஸ்டீல் என்று இரண்டு பொருள் வந்தால் மட்டும் புள்ளி.

அப்புறம், 10 21 16 மிச்சம் இருக்கிறது. குளிக்கவும் உடை மாற்றவும் உள்ளது. 'குளியல் தட்டி' என்று எழுதிப் பார்த்தேன், கொல்லைப்புறம் நேரே கண்ணுக்கு வந்தது. உடை மாற்றுவதையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எழுதினால் கையேட்டில் சேர்த்துவிடுவேன்.