ரெட்டினால்: மூக்கோரம் உரியுது, நிறுத்தணுமா தொடரணுமா?

பூவரசு:
வயது 39, மாநிறம், கொஞ்சம் வறண்ட தோல். நெற்றிக் கோட்டுக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் 0.5% ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சீரம், மூணு வாரமா தினமும் ராத்திரி, தடவைக்கு நாலஞ்சு சொட்டு. இப்போ மூக்கோரமும் வாயோரமும் உரியுது. மாய்ஸ்சரைசர் போட்டாலே எரியுது. கன்னத்துல லேசா கருப்பு தட்டியிருக்கு. இது 'பர்ஜிங்', பல்லைக் கடிச்சுட்டு தொடரணும்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. மருந்துக்கடையில ட்ரெட்டினாயின் (ரெட்டினால் இனத்து மருந்து) கலந்த கிரீம் ஒண்ணு இதைவிட வேகம்னு நீட்டுறாங்க. எது சரி?

வேம்பு:
பர்ஜிங் இல்லீங்க, வெறும் எரிச்சல். பர்ஜிங்னா பரு. வழக்கமா பரு வர்ற இடத்துலயே சின்னச் சின்னதா கிளம்பி, ஒன்றரை மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். நீங்க சொன்னதுல பருவே இல்லை. மாய்ஸ்சரைசரே எரியுதுன்னா தோலோட மேலடுக்கு சேதமாகியிருக்கு, அதுமேல மறுபடி ரெட்டினால் போட்டா புண்ணுல மிளகாய்தான்.

இன்னைக்கே நிறுத்துங்க. காலையில வெறும் தண்ணி, ராத்திரி அதிகம் நுரைக்காத ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத செராமைடு (தோல்லயே இருக்கிற கொழுப்பு வகை) மாய்ஸ்சரைசர், உரியிற இடத்துல மட்டும் வாஸ்லின். வைட்டமின் சி, கிளைகாலிக் ஆசிட், சாலிசிலிக் ஆசிட், ஸ்க்ரப் எல்லாத்துக்கும் லீவு. எரிச்சல் முழுசா நின்ன பிறகும் ஒரு வாரம் சும்மா விடுங்க.

அப்புறம் 0.1 அல்லது 0.2 சதவீதத்துல, வாரம் ரெண்டே ராத்திரி, நடுவுல ரெண்டு மூணு நாள் விட்டு ஆரம்பிங்க. முகம் கழுவினதும் 20 நிமிஷம் நல்லா காயட்டும், ஈரத்துல போட்டா எரிச்சல் கூடும். முதல்ல மாய்ஸ்சரைசர், அதுமேல ரெட்டினால், அதுக்கும் மேல இன்னொரு பூச்சு மாய்ஸ்சரைசர். அளவு முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி, சொட்டுல சொன்னா ரெண்டு. நாலஞ்சு சொட்டு ஊத்தினா சுருக்கம் சீக்கிரம் போகாது, தோல்தான் போகும். நெற்றி, ரெண்டு கன்னம், தாடைன்னு புள்ளி வச்சுப் பரப்புங்க. மூக்கு மடிப்பு, வாயோரம், கண்ணோரம் மூணுலயும் முன்னாடியே வாஸ்லின் தொட்டு வைங்க. சீரம் நகர்ந்து வந்து தேங்குற இடம் அதுதான். ஒரு மாசம் தொந்தரவு இல்லைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம்.

தராசு:
மருந்துக்கடை கிரீமை வாங்குமுன் டியூபின் பின்பக்கம் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் இருந்தால் அது ஸ்டீராய்டு கிரீம். மங்கு என்னும் மெலாஸ்மாவுக்கு, டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் தருவது. 'பத்து நாளில் பளிச்' என்று தெரிவதில் பெரும்பங்கு ஸ்டீராய்டுக்கு உண்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், பருவும் முடியும் முளைக்கும், நிறுத்தினால் முகம் கொதிக்கும். சுருக்கத்துக்கு இது மருந்தே அல்ல.

தனி ட்ரெட்டினாயின் வேறு கதை. ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினால்டிஹைடாகி, அதன்பின் ரெட்டினாயிக் அமிலமாக மாறினால்தான் வேலை செய்யும். வழியில் பெரும்பகுதி வீணாகும். ட்ரெட்டினாயின் நேரடியாக அந்த அமிலமே. அதனால் 0.025% ட்ரெட்டினாயினை '0.5ஐவிடச் சின்ன எண்' என்று எடைபோடக் கூடாது, அதுதான் வலுவானது. சீட்டு இல்லாமல் வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1995இல் 0.05% ட்ரெட்டினாயின் கிரீமுக்குத் தந்த ஒப்புதலும் மெல்லிய சுருக்கம், திட்டுத்திட்டான கருமை, சொரசொரப்பு ஆகியவற்றைக் குறைக்கத்தான். ஆழமான மடிப்பை எந்தக் கிரீமும் எடுக்காது.

ரெட்டினாலிலும் பெரிய எண்ணைத் துரத்தத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சுகளுக்கு 0.3 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்துவிட்டது. மாநிறத்துக்கு வேகம் கூடுதல் ஆபத்து: எரிச்சல் ஒரு வாரத்தில் ஆறும், அது விட்டுப்போகும் கருப்பு மாதக்கணக்கில் நிற்கும். சுருக்கத்தில் மாற்றம் தெரியக் குறைந்தது மூன்று நான்கு மாதம்.

மருதாணி:
விட்டுப்போனது ரெண்டு. புருவம் திரெட்டிங், மேலுதடு வாக்ஸிங் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரெட்டினாலை நிறுத்திடுங்க. வாக்ஸ் முடியோட தோலையும் சேர்த்து இழுத்துட்டு வந்துடும். கர்ப்பம், கர்ப்பத்துக்கான முயற்சின்னா ரெட்டினால், ட்ரெட்டினாயின், பருவுக்குத் தர்ற அதே இனத்து அடாப்பலீன் எதுவும் கூடாது.

பூவரசு:
நன்றி. சீரத்தை நிறுத்தியாச்சு. கன்னத்துக் கருப்புக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) போடலாமா? மீதி இருக்கிற 0.5% பாட்டிலை என்ன செய்றது?

வேம்பு:
எரிச்சல் அடங்கினதும் காலையில 4–5% நியாசினமைடு போடலாம். 10% வேண்டாம், சிலருக்கு அதுவே எரியும். ஆனா கருப்பு போறது சன்ஸ்கிரீன் கையிலதான் இருக்கு. எஸ்பிஎஃப் 30க்கு மேல, ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கி, முகம் கழுத்து ரெண்டுக்கும். அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கிடைச்சா இன்னும் நல்லது. நம்ம தோலைக் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் கருக்க வைக்கும், சாதா சன்ஸ்கிரீன் அதைச் சரியா தடுக்காது.

பாட்டிலை இறுக மூடி அலமாரிக்குள்ள வைங்க, ஜன்னலோரம் வேண்டாம். வெளிச்சமும் காத்தும் பட்டா ரெட்டினால் கெட்டுடும். வாங்கினப்போ இருந்த மஞ்சள் பழுப்பாகிட்டா தூக்கிப் போட்டுடுங்க. அடுத்த தடவை சொட்டு பாட்டில் வாங்காம பம்ப் இல்லைன்னா அலுமினியம் டியூப் பார்த்து வாங்குங்க.