அப்பாவின் லைட் சிகிச்சை: பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போய்வர உதவி தேவை

வணக்கம். பினாங்கில் சொரியாசிஸுக்கு (செதில் செதிலாக உதிரும் தோல் நோய்) லைட் சிகிச்சை எடுத்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வயது 67. முதுகிலும் முழங்காலிலும் படை. விடியற்காலையில் எழுந்து, நாங்கள் பார்ப்பதற்குள் மெத்தையில் உதிர்ந்த செதில்களைக் கையாலேயே கூட்டி அள்ளிவிடுவார். இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக்கூட வரவில்லை. "ஒட்டிக்குமா?" என்று யாரோ கேட்டுவிட்டார்களாம். ஒட்டாதுங்க, இது தொற்றுநோயே இல்லை.

களிம்பு போதவில்லை என்று டாக்டர் நேரோபேண்ட் யூவிபி எழுதியிருக்கிறார். 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி, வாரம் 3 தடவை, சில மாதங்கள். சுற்றிலும் குழாய் விளக்குகள் உள்ள பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்க வேண்டும். தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகுவதை அந்த ஒளி தணிக்கிறது. "விளக்கு வெளிச்சத்தில் நோய் போகுமா?" என்கிறார் அப்பா. தோல் காசநோய்க்கு ஒளி வைத்தியம் செய்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இலேயே நோபல் பரிசு கொடுத்ததைச் சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

சிக்கல் போக்குவரத்துதான். எனக்குப் பிறை ஊரில் ஷிப்ட் வேலை. திங்கள், புதன், வெள்ளி காலையில் பாலம் வழியாக ஜார்ஜ்டவுன் போகிறவர்கள் அப்பாவை ஏற்றிக்கொள்ள முடியுமா? பெட்ரோலுக்கும் டோலுக்கும் பங்கு தருகிறோம்.

சிகிச்சை முடித்தவர்களே, எத்தனையாவது தடவையில் மாற்றம் தெரிந்தது, அரிப்பை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவிடம் ஒரு பத்து நிமிடம் போனில் பேசினால் இன்னும் நல்லது. அனுபவப்பட்டவர் சொன்னால் கேட்பார்.