பிஎம்ஐ 25.3 இருந்தா உடல்பருமனா?

ஓட்டக்காரன்:
ஆபீஸ்ல ஹெல்த் செக்கப் பண்ணாங்க. உயரம் 170 செ.மீ., எடை 73 கிலோ, பிஎம்ஐ (கிலோவுல எடையை மீட்டர்ல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்) 25.3. ரிப்போர்ட்ல சிவப்பு எழுத்துல ‘உடல்பருமன்’னு போட்டுட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட பொதுக் கணக்குல 30 தொட்டாத்தான் உடல்பருமன். நான் வாரம் நாலு நாள் ஓடுறவன். 1830கள்ல இந்தக் கணக்கைப் போட்ட கெட்லே பெல்ஜியத்து வானியலாளர். அவர் பாத்தது மக்கள்தொகையோட சராசரி, தனி ஆளோட நோய் இல்ல. எடையில தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு இந்த எண்ணுக்குத் தெரியாது. இதை வெச்சு நோயாளின்னு முத்திரை குத்தலாமா?

வார்டு அக்கா:
தம்பி, 22 வருஷமா நர்ஸா இருக்கேன். அந்த 30 நமக்குச் சரிவராது. 2009-ல நம்ம நாட்டு நிபுணர்கள் கூடி 23-க்கு மேல அதிக எடை, 25-க்கு மேல உடல்பருமன்னு வகுத்ததுக்குக் காரணம் இருக்கு. 2004-ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்களையே அளந்து லான்செட் மருத்துவ இதழ்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்புல கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம்மாளுங்களுக்குக் கை கால் ஒல்லியா இருந்தாலும் வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்திக் கொழுப்பு சேரும். இன்சுலின் சரியா வேலை செய்யாமப் போறதும் சர்க்கரை வர்றதும் அங்கிருந்துதான். நீங்க இடுப்பை அளந்தீங்களா?

நெல்வயல்:
அக்கா சொல்றது சரி. ஆனா காரணம் வாய்தான்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25-க்கு மேல. நாடு முழுக்கப் பாத்தா 24தான். மூணு வேளையும் அரிசி, சாயங்காலம் பஜ்ஜி, தெருமுனைக்குக் கூட வண்டி. கட்டுப்பாடு வேணும்.

மலைக்காத்து:
இந்தப் பேச்சுதான் என் அக்காவை ரெண்டு வருஷம் அலைய விட்டுச்சு. மூட்டுவலி, ஓயாத அசதின்னு போனா, போன இடமெல்லாம் “முதல்ல எடையைக் குறைங்க”. கடைசியில ஒருத்தர் ரத்தம் எடுத்துப் பாத்தார், தைராய்டு குறைவு. ‘எனக்குத்தான் கட்டுப்பாடு இல்ல’ன்னு அவளே நம்ப ஆரம்பிச்சிருந்தா.

வார்டு அக்கா:
நெல்வயல், சாப்பாடும் நடையும் முக்கியம்தான், மறுக்கல. ஆனா பரம்பரை, தூக்கக்குறைவு, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், எல்லாத்துக்கும் பங்கு உண்டு. எடை குறைஞ்சதும் பசி கூடும், உடம்பு செலவழிக்கிற சக்தி குறையும். பட்டினி கிடந்து இளைச்சவங்க திரும்பப் பெருக்கறது சோம்பேறித்தனத்தால இல்ல.

ஓட்டக்காரன்:
2025 ஜனவரியில அந்த லான்செட் இதழோட நிபுணர் ஆணையமும் பிஎம்ஐ மட்டும் போதாது, இடுப்பு மாதிரி இன்னொரு அளவும் வேணும், உறுப்புகள் பாதிச்சிருக்கான்னு பாத்துத்தான் நோய்னு சொல்லணும்னு சொல்லியிருக்கு. நான் கேக்கறதும் அதேதான்.

வார்டு அக்கா:
அப்போ அளந்துடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல டேப்பைச் சுத்தி, மூச்சை விட்டுட்டுப் பாருங்க. வயித்தை எக்கக் கூடாது. ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80, அதுதான் எல்லை.

ஓட்டக்காரன்:
96.
ஒரே ஒரு எண்ணைப் பாத்து அந்த வார்த்தையை அச்சடிச்சது தப்புன்னு இப்பவும் சொல்வேன். ஆனா 96-ஐ எதிர்பாக்கல. என்ன டெஸ்ட் எடுக்கணும்கா?

வார்டு அக்கா:
வெறும் வயித்துல சர்க்கரை, மூணு மாச சராசரி, கொழுப்பு, ஈரல். பிரஷரும் பாத்துடுங்க. தூக்கத்துல குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதான்னு வீட்ல கேட்டுட்டுப் போங்க. டாக்டர் கட்டாயம் கேப்பார்.