ஜிடி அவலாஞ்ச் சைக்கிள்: ஹேங்கர் வளைந்துவிட்டது, கம்பெனியும் ஓய்கிறது. சரிசெய்யலாமா, வேறு வண்டி பார்க்கலாமா?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் கெரொசெல் விற்பனைச் செயலியில் 320 வெள்ளிக்கு ஜிடி அவலாஞ்ச் மலைச்சைக்கிள் ஒன்று வாங்கினேன். போன ஞாயிறு செஸ்நட் ட்ரெயிலில், மழை விட்ட கொஞ்ச நேரத்தில், வேர் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். எனக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து கியர் தானாகத் தாவுகிறது. பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கசெட்டின் பெரிய பல்லுக்குப் போனால் ஸ்போக்கில் ‘டிக் டிக்’ என்று உரசுகிறது. கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியாகவில்லை.

பக்கத்துக் கடையில் காட்டினேன். “ஹேங்கர் வளைஞ்சிருக்கு, இந்த பிராண்டுக்கு இனிமே சாமான் வராது, வேற வண்டி பாருங்க” என்றார். கியர் மாற்றும் பாகத்தை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டுதான் ஹேங்கராம். கூட ஓட்டும் நண்பர் “அது சூப்பர்மார்க்கெட் சைக்கிள்தானே, விட்டுத்தள்ளு” என்றார். அதுதான் வலித்தது. 90களில் என் அண்ணன் கட்டில் தலைமாட்டில் ஜிடி படம் ஒட்டி வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு என்னதான் ஆயிற்று? இந்த வண்டியில் இன்னும் காசு போடலாமா?

பழையசக்கரம்:
அண்ணே, முதலில் அதை ஓட்டுவதை நிறுத்துங்கள். சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லர், அதாவது ஆர்டி, ஸ்போக்குக்குள் போனால் ஆர்டியும் போகும், ஸ்போக்கும் போகும், சில நேரம் ஃப்ரேமும் சேர்ந்து போகும்.

வண்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணை ஆர்டி மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு சின்னச் சக்கரமும் கசெட் பல்லுக்கு நேர்கீழே, ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் டயர் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர்தான். அதற்குக் கேபிளையோ ஸ்குரூவையோ எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஒரு கியருக்குச் சரியாகும், அடுத்த கியரில் மறுபடி தாவும்.

ஹேங்கர் என்பது வளைவதற்கென்றே மெல்லிசாகச் செய்த துண்டு. ஃப்ரேம் பிழைக்கட்டும் என்று அது முந்திக்கொண்டு வளைகிறது. உங்கள் வண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஈசூன்_செல்வம்:
“சூப்பர்மார்க்கெட் சைக்கிள்” என்று ஜிடியைச் சொல்வதைக் கேட்டால் எனக்கும் மனசு கேட்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரி டர்னர் என்ற வெல்டர் தன் மகனுக்காக பிஎம்எக்ஸ் என்ற சின்னப் பந்தய சைக்கிளுக்கு ஃப்ரேம் ஒட்டிக்கொடுத்ததில் தொடங்கியது ஜிடி. கலிபோர்னியாவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரிச்சர்ட் லாங் கூட்டுச் சேர்ந்து, 1979இல் கம்பெனி ஆனது. பின்சக்கர அச்சிலிருந்து மேலே வரும் சீட் ஸ்டே குழாய்கள் சீட் குழாயைத் தாண்டிப் போய் மேல்குழாயில் சேருமே, அந்த மூன்று முக்கோண ஃப்ரேமைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். சைக்கிள் சாகச வீரர் ஹான்ஸ் ரே பாறைகள்மேல் ஓட்டிக் காட்டியது அந்த வண்டியில்தான்.

1996 ஜூலையில், பிக் பேர் மலைச்சைக்கிள் பந்தயத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் லாங் விபத்தில் இறந்தார். அதே மாதம்தான் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி ஜிடி வண்டியில் இறங்கியது. பிறகு கைமாறிக்கொண்டே போனது. 1998இல் ஷ்வின் என்ற இன்னொரு அமெரிக்க சைக்கிள் பிராண்டை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2001இல் ஷ்வின்னும் ஜிடியும் சேர்ந்தே திவால். பசிபிக் சைக்கிள் எடுத்தது. 2004இல் பசிபிக்கை டோரல் என்ற கனடா நிறுவனம் வாங்கியது. கடைசியில் டோரலின் சைக்கிள் பிரிவையே பான் என்ற நெதர்லாந்து நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2024 டிசம்பரில், இனிப் புது மாடல் இல்லை, இருப்பதை விற்றுத் தீர்ப்போம் என்று அறிவித்தார்கள்.

பெயர் கெட்டதற்குக் காரணம் வெல்டிங் இல்லை, விற்ற இடம். அதே குடும்பத்திலிருந்த ஷ்வின்னையும் மங்கூஸையும் வால்மார்ட் சூப்பர்மார்க்கெட்டில் அடுக்கினார்கள். கூட இருந்த ஜிடிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ரேச்சல் ஆதர்டன் 2013 டவுன்ஹில் உலகப் பட்டம் வென்றது ஜிடியில்.

கேனன்டேல் என்ற இன்னொரு அமெரிக்க சைக்கிள் கம்பெனியின் கதை வேறு மாதிரி. மோட்டார் சைக்கிள் செய்யப் போய்க் கடனில் மூழ்கி 2003 ஜனவரியில் திவாலுக்கு மனுப் போட்டார்கள். 2008இல் அதுவும் டோரல் கைக்குப் போனது. மறு வருஷமே பென்சில்வேனியா தொழிற்சாலையை மூடி உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். “கையால் செய்தது, அமெரிக்கா” என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அது பெரிய இடி. ஆனாலும் தைவானில் செய்த ஃப்ரேமை மட்டம் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். உலகத்தின் நல்ல ஃப்ரேம்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

புக்கிட்_பாஞ்சாங்_ராணி:
செல்வம் அண்ணன் சொன்னது சரி. ஆனால் வாங்குபவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். பெயர் விழுந்தால் மறுவிற்பனை விலையும் விழும். வாரண்டி கேட்க ஆள் இருக்காது. என் தம்பி ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி, அதாவது முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உள்ளது, வாங்கி வைத்திருந்தான். அந்த பிராண்டு கைமாறிய பிறகு பின் லிங்க்கின் ஒரே ஒரு போல்ட்டுக்கு ஏழு வாரம் காத்திருந்தான். அதனால் பிராண்டு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் அவலாஞ்ச் மாதிரி முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் என்றால் பரவாயில்லை, அதில் அந்தக் கம்பெனிக்கே உரிய சாமான் குறைவு.

ஈசூன்_செல்வம்:
ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் பெயர் விழுந்தால் விழுந்ததுதான் என்றும் இல்லை. கோனா என்ற மலைச்சைக்கிள் கம்பெனியைப் பாருங்கள். 2022இல் விற்றார்கள். 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சீ ஆட்டர் சைக்கிள் விழாவில் போட்ட கடையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள் வாங்கியவர்கள். அடுத்த மாதமே ஆரம்பித்த இருவரும் கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பழையசக்கரம்:
சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ஹேங்கரை ஜிடிதான் செய்ய வேண்டும் என்றில்லை. வீல்ஸ் மேனுஃபேக்சரிங் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களுக்கு ஹேங்கர் மட்டும் தனியாகச் செய்கிறார்கள். பழையதைக் கழற்றி வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். ஸ்குரூ ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அவர்கள் பட்டியலில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அவலாஞ்ச் என்ற பெயரில் பல வருஷம் பல ஃப்ரேம் வந்திருக்கிறது. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.

வளைந்ததை நிமிர்த்தி ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம். ஆனால் அலுமினியம் அடுத்த அடியில் விரிசல் விடும்.

புதிதே போட்டாலும், ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளக்கும் அலைன்மென்ட் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மில் டியூப் வால்வு இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்து, சக்கரத்தைச் சுற்றி மேலே, கீழே, முன்னே, பின்னே நான்கு இடத்திலும் ஒரே இடைவெளி வர வேண்டும்.

உட்லண்ட்ஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. தாளில் கோடு போட்டு ஒப்பிட்டதில் முதல் தேர்வு தப்பு. வடிவம் அச்சு அசலாக இருந்தது, ஓட்டை 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அளக்காமல் வாங்கியிருந்தால் காசு வீண். சரியானதை இரண்டாக ஆர்டர் செய்து, நேற்று வந்தது. வேறு கடையில் அதை மாட்டி, கேஜ் வைத்து நேராக்கிக் கொடுத்தார்கள். பெரிய பல்லில் இப்போது சத்தமே இல்லை.

கழற்றியபோது ஹேங்கருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் செஸ்நட் செம்மண் காய்ந்து அப்பிக்கிடந்தது. துடைத்தபின் உள்ளே வெல்டிங்கைப் பார்த்தேன். அடுக்கி வைத்த காசு மாதிரி ஒரே சீராக இருந்தது. அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். சனிக்கிழமை சாங்கியிலிருந்து படகில் உபின் தீவுக்குப் போய்க் கேத்தாம் மலைச்சைக்கிள் பார்க்கில் ஓட்டலாம், தானும் வருகிறேன் என்கிறார். அவருக்கு வாடகை வண்டிதான். இரண்டாவது ஹேங்கரைப் பையில் போட்டுவிட்டேன். அங்கே மாற்ற 5 மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா?

பழையசக்கரம்:
ஆர்டிக்கு 5 போதும் அண்ணே. ஹேங்கர் ஸ்குரூவுக்கு வேறு அளவு இருக்கலாம், வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.