மறுமொழி: ‘ஃபவுண்டர் எஃபெக்ட்’ – சில்வித்து விளைவு

> ‘நிறுவனர் விளைவு’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? நேரான மொழிபெயர்ப்புதானே.

வணக்கம் ஐயா.

பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்துபோன சிலவற்றின் வழியாகவே ஒரு புதுக்கூட்டம் பெருகினால், அதில் மரபணு வகைகள் குறைந்திருக்கும். இதைத்தான் ‘ஃபவுண்டர் எஃபெக்ட்’ என்கிறார்கள். நிறுவனர் என்றதும் பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு மாட்டிய படம்தான் கண்முன் வருகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டான காப்பிச் செடியின் கதையில் யாரும் எதையும் நிறுவவில்லை. கொஞ்சம் விதை ஊர் மாறிப் போனது, அவ்வளவுதான்.

அராபிகா என்ற காப்பி இனத்தின் தாய்நிலம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடு. அதில் ஒரு பங்கு ஏமனுக்குப் போனது. ஏமன் செடிகளின் வழிவந்தவற்றை டச்சுக்காரர்கள் ஜாவாவில் நட்டார்கள். அங்கிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குச் செடி போனது. அதன் வழியில் வந்த கன்று 1714இல் பதினான்காம் லூயி மன்னருக்குப் பரிசானது. பாரிஸ் தோட்டத்திலிருந்து கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கன்று கொண்டுபோன பிரெஞ்சு அதிகாரி டி கிளியூ, கப்பலில் தனக்கு அளந்து கொடுத்த குடிதண்ணீரில் அதற்கும் பங்கு ஊற்றியதாக எழுதிவைத்திருக்கிறார். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும். ஒற்றைக் கன்றும் தோட்டமாகிவிடும்; புது மரபணுதான் உள்ளே வராது.

இதன் விலையை இலங்கை கொடுத்தது. 1869இல் அங்கே இலைத்துரு நோய் கண்டது. நோய் பிடித்த இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் ஆரஞ்சுப் பொடி ஒட்டும். சுமார் இருபது ஆண்டில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிப் பழம் பறித்த நம் மக்கள் கொழுந்து கிள்ளப் போனார்கள். இந்தத் துருவைத் தாங்கும் மரபணுக்கள் சில எத்தியோப்பியச் செடிகளில் உண்டு. ஊர் ஊராகப் போன அந்தப் பிடி விதையோடு அவை வரவில்லை.

அதனால்தான் ‘சில்வித்து விளைவு’ என்கிறேன். சில்வாழ்நாள் (குறைந்த ஆயுள்) என்பதில் உள்ள அதே ‘சில்’; சிலவே என்று பொருள். ‘பாட்டில்நெக்’ இதுவல்ல: அது இருந்த இடத்திலேயே பெரும்பகுதி அழிந்து, மிச்சம் பெருகுவது. அதற்கு ‘மரபுக் குறுக்கம்’ போதும். இங்கே தாய்க்கூட்டம் அழியாமல் காட்டிலேயே நின்றுவிட்டது. பிரிந்து போனவைதான் சில.

பறவைக்கும் மனிதருக்கும் ‘வித்து’ ஒட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வம்சத்தையும் வித்து என்றுதானே சொல்கிறோம்? ‘சில்’தான் எனக்குச் சற்று உறுத்துகிறது, சில்லறை, சில்லு என்று மாணவர் காதில் விழுமோ? குழுவில் உள்ள உயிரியல் ஆசிரியர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.