காலில் முள், தொடையிடுக்கில் நெறி: என்ன சம்பந்தம்?

கமுதிக்காரன்:
போன ஞாயிறு சீமைக்கருவேலம் வெட்டும்போது செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே. ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு டிடி ஊசியும் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டிவிட்டது. நடந்தால் இழுத்துப் பிடிக்கிறது. "புண்ணு ஆறினா நெறி தானா வத்திடும்" என்கிறார் அம்மா. சரி, வற்றட்டும். ஆனால் குத்தியது பாதத்தில். கெண்டைக்கால், முழங்கால் எல்லாம் தாண்டி இடுக்கில் போய் ஏன் கட்டுகிறது? நரம்பு வழியாகப் போகுமா?

சும்மா_வந்தேன்:
நரம்பு இல்லை, நிணநீர். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து நெறி மேல் பற்றுப் போடுங்கள். எனக்கு இரண்டே நாளில் வற்றியது.

ராத்திரி_டூட்டி:
இடுக்கில் சுண்ணாம்பு வேண்டாம், தோல் வெந்துவிடும். புண் இருப்பது பாதத்தில், அதைக் கவனியுங்கள்.

நான் டெல்டா பக்கம் யானைக்கால் தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், ரத்தக்குழாய் வாய்க்கால், நிணநீர்க்குழாய் வடிகால். ரத்தத்திலிருந்து கசிந்து திசுக்களில் ஊறும் நீரில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிஞ்சுவது நாளைக்குச் சுமார் 3 லிட்டர். அதை வடிப்பதுதான் இந்தக் குழாய்களின் வேலை. இதற்கென்று இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானே சுருங்கும், நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ஏற்றும், உள்ளே இருக்கும் வால்வுகள் கீழே இறங்க விடாது.

பெருவிரல் பக்கத்து வடிகால் காலின் உட்புறமாக ஏறி நேராகத் தொடையிடுக்குக்குப் போகிறது. வழியில் நிற்பதில்லை. அதனால்தான் முழங்காலில் ஒன்றும் தெரியவில்லை. அதே முள் குதிகாலின் வெளிப்பக்கம் ஏறியிருந்தால் முழங்காலுக்குப் பின்குழியில் முதலில் கட்டியிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் நெறி, நிணநீர்க் கணு. உடம்பில் 500, 600 இருக்கும். கிருமி வந்து சிக்கியதும் உள்ளே வெள்ளையணுக்கள் பெருகுகின்றன, கணு புடைக்கிறது, மேலுறை இழுபட்டு வலிக்கிறது. அமுக்கிப் பிசையாதீர்கள்.

இந்த வடிகால் கெட்டால் என்ன ஆகும் என்று நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். ராத்திரி 10 மணிக்கு மேல் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுப்போம். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் அந்த நேரத்தில்தான் மேல்ரத்தத்துக்கு வரும், கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரம். தூக்கம் கெட்டவர்களிடம் வாங்காத திட்டு இல்லை! பெரிய புழு நூல் மாதிரி நிணநீர்க் குழாய்க்குள்ளேயே வருஷக்கணக்கில் குடியிருக்கும். குழாய் அகன்றுபோகும், வால்வு மூடாது, நீர் காலிலேயே தேங்கும். அப்புறம் விரலிடுக்கு வெடிப்பில் கிருமி புகுந்தால் குளிர்காய்ச்சல். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் விரலிடுக்கை ஒற்றி எடுக்கச் சொல்லிக் கொடுப்பதே எங்களுக்குப் பாதி வேலை.

உங்களுடையது அது இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். புண்ணே இல்லாமல் கழுத்தில் வலியில்லாத கட்டி வாரக்கணக்கில் நின்றாலும் காட்ட வேண்டும். கண்டமாலை என்பார்களே, அது பெரும்பாலும் காசநோய்.

கமுதிக்காரன்:
கோடு இல்லை, காய்ச்சலும் இல்லை. இடுக்கைத் தாண்டி அந்த நீர் எங்கே போகிறது?

ராத்திரி_டூட்டி:
வயிற்றுக்குள் ஏறி, முதுகெலும்பை ஒட்டிய மார்பு நிணநீர்க் குழாய் வழியாக இடது கழுத்தடிச் சிரையில் ரத்தத்தோடு கலக்கும். உங்கள் வலது காலுக்கும் அதே இடது பக்கம்தான்! வலது கை, தலையிலும் மார்பிலும் வலது பாதி, இவை மட்டும் வலப்பக்கம் சேரும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு அந்தப் பெரிய குழாயில் ஓடுவது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். குடல் உறிஞ்சிய கொழுப்பும் அந்த வழிதான்.

கமுதிக்காரன்:
இன்று ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். நர்ஸம்மா அமுக்கியதும் சீழோடு முள்ளின் நுனி வந்தது, அரை அரிசி நீளம். நான் முழுசாக எடுத்துவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன். ஐந்து நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நெறி அப்படியேதான் இருக்கிறது, இழுப்பு மட்டும் குறைந்திருக்கிறது.